புறா நடந்த சுவர்

எல்லோரும் புறாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.
எத்தனை நாள் பழக்கினீர்கள்?
இரண்டு வாரம் என்பேன்.
கோதுமை மணி, நிறையப் பொறுமை
என்று சேர்த்தும் சொல்வேன்.
மிரேய் பக்கத்தில் இருந்தால் காலை மிதிப்பாள்.

லியேஜ் நகரம். மியூஸ் ஆற்றங்கரையில்
மூடிப்போன ஒரு டயர் கிடங்கு.
கூரையில் கேமராவைக் கவிழ்த்துக் கட்டியிருந்தோம்,
என் மைத்துனனின் மலையேறும் கயிற்றால்.
தரைதான் சுவர்.
அதில் ஜன்னல் வரைந்தோம், மாடிப்படி வரைந்தோம்,
நிஜ நாற்காலி ஒன்றைப் பக்கவாட்டில் கிடத்தி
ஆணியடித்தோம்.
பாடகன் படுத்தபடியே படியேற வேண்டும்.
பிப்ரவரி மாதம், சிமெண்டுத் தரை.
ஏழாம் முறை ஏறியபோது
அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.
"தொப்பி விழாதவரை நீ நிற்கிறாய், நம்பு!"
மேலிருந்து கத்தினாள் மிரேய் லோன்ஷே.
வயது இருபத்து நான்கு,
மின்கட்டணம் மூன்று மாத பாக்கி.

அப்போதுதான் அது வந்தது,
உடைந்த கண்ணாடி வழியே.
செங்குத்துச் சுவரில் சாவகாசமாக,
ஓய்வூதியம் வாங்கப் போகிறவர் நடையில்.
பாடகனின் காதருகே நின்றது,
வரைந்த ஜன்னலைக் கொத்திப் பார்த்தது,
போய்விட்டது.
'கட்' என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் ஷூவைக் கழற்றி என்மேல் எறிந்தாள்.

அந்த நான்கு நிமிடம்
பதினோரு நாடுகளில் ஓடியது.

பிறகு ஒரு நகரப் பேருந்தை
உள்ளை வெளியாகத் திருப்பினோம்.
இருக்கைகள் வெளியே, மழை உள்ளே.
பிறகு பாடகியின் நிழலைக் கோதுமை மாவில் தூவினோம்;
காற்றடித்ததும் நிழல்
அவளை விட்டுவிட்டுப் போனது.
விருது மேடையில் அதற்கு என்ன பொருள் என்றார்கள்.
"மாவு ஒரு மூட்டை பதினெட்டு யூரோ" என்றாள்.

சினிமா கூப்பிட்டது.
நூற்றுப் பதினைந்து நிமிடம்,
பாரிஸ் பணம், தனித்தனி கேரவன்.
ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளால்
கடல் செய்யலாம் என்றாள்.
தயாரிப்பாளர் பிளான்தவேன் சிரித்தார்.
"கடலைக் கணினி பார்த்துக்கொள்ளும், மேடம்."
பார்த்துக்கொண்டது.
ஒவ்வொரு அலையும் கச்சிதம்.
எந்த அலைக்கும் வியர்க்கவில்லை.

இரண்டாம் வாரம், செவ்வாய், நாமூர்.
அரங்கில் ஒன்பது பேர்,
எங்கள் இருவரையும் சேர்த்து.
முன் வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார்.
மிரேய் விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தாள்.
"கேள், அவருக்குத் தாளம் தப்பவே இல்லை" என்றாள்.
வெளியே வந்து
பொரித்த உருளைக்கிழங்கு வாங்கினோம்.
அவள் மயோனைஸ் வேண்டாம் என்றபோதுதான்
எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் தயிர் விளம்பரம் ஆறு, காப்பீடு இரண்டு.
தயிரை மேல்நோக்கி ஊற்றிக் காட்டினாள்.
வாடிக்கையாளர் கீழ்நோக்கியே கேட்டார்.
நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனேன்.
பதினாறு வருடம்.
கயிறுகள் எனக்குப் புதிதல்ல.

போன மாதம் தொலைபேசி.
"முதுகு எப்படி இருக்கிறது?"
"வலிக்கிறது."
"நல்லது. குனிந்தே இருக்கலாம், வா."
செரேங் பள்ளி ஒன்றின் விளையாட்டுக்கூடம்.
யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணின் பாட்டு.
சம்பளம் சாண்ட்விச்.
சலவைக்கூடத்திலிருந்து நாற்பது விரிப்புகள்,
அவற்றின் அடியில்
அஞ்சல்காரர், இரண்டு நர்ஸ்கள்,
கணக்கு வாத்தியார், நான்.

இங்கிருந்து எதுவும் தெரியவில்லை.
வெள்ளை மட்டும். பிளீச்சிங் வாடை.
கணக்கு வாத்தியாரின் முழங்கை என் விலாவில்.
படகு எங்கள்மேல் போகிறதா, அதுவும் தெரியாது.
எங்கோ உயரத்தில் ஏணிமேல் அவள் குரல்,
ஒன்று, இரண்டு, மூன்று என்று.
பிறகு அதட்டல்:
"இடப்பக்கத்து அலை, தூங்குகிறாயா?"

இடப்பக்கத்து அலை நான்தான்.
எழுந்தேன்.